ஓட்டுநர் கைக்கேற்ற சுக்கான்

நம் தமிழ்த் துறை மலர்களில் சங்க இலக்கியக் கட்டுரைகளுக்கும் இசுலாமியத் தமிழ்க் காப்பிய ஆய்வுகளுக்கும் என்றும் குறைவிருந்ததில்லை. அவற்றினிடையே மகிழுந்தின் ஸ்டியரிங் பற்றித் தமிழ் விரிவுரையாளர் எழுத முன்வந்தது சிலர்க்கு வியப்பளிக்கலாம். எழுதவைத்தவர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர். படிப்பு முடிந்ததும் சார்ஜாவுக்குச் சென்று மோட்டார்ப் பட்டறையொன்றில் பன்னிரண்டு ஆண்டுகள் பணிசெய்தார். இப்போது சொந்த ஊராகிய கலசப்பாக்கத்தில், திருவண்ணாமலை செல்லும் சாலையோரம் தாமே ஒரு பட்டறை வைத்திருக்கிறார்.

சென்ற ஆண்டு மழை ஓய்ந்தபின் ஒரு ஞாயிறன்று சென்னை இளைஞர் ஒருவர் அவர் பட்டறைக்கு வந்தார். ஓட்டி வந்தது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான, தாழ்ந்த கூரையுடைய, ஈரிருக்கைப் பந்தய வகை வண்டி. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் வரை ஜவ்வாது மலைப்பாதையில் ஏறி இறங்கியவர்க்கு வலத் தோளும் கழுத்தும் பிடித்துக்கொண்டன. அவர் கையோடு ஒரு பெட்டி கொண்டுவந்திருந்தார். அதனுள் சிறிய பந்தய ஸ்டியரிங் ஒன்றும், அதனை நெஞ்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவரும் அலுமினிய இடைக்கட்டை ஒன்றும் இருந்தன. “இதை மாட்டிக் கொடுத்துவிடுங்கள் பாய், வலி போய்விடும்” என்றார். நம் மாணவர் மாட்டவில்லை. அன்றிரவே தொலைபேசியில் நம்மை அழைத்தார். “ஐயா, ஏன் மாட்டவில்லை என்று அந்தத் தம்பிக்குப் புரியவைக்க இரண்டு மணி நேரமாயிற்று. பாதிச் சொல் ஆங்கிலம், பாதிச் சொல் அரபி, மீதி கையசைவு. நீங்கள் தமிழில் எழுதிக் கொடுத்தால் பட்டறைச் சுவரில் ஒட்டிவைப்பேன்” என்றார்.

அதற்காக இரண்டு மாலைப் பொழுதுகள் அப்பட்டறையில் அமர்ந்து கேட்டும், பின்னர் படித்தும் அறிந்தவற்றை ஈண்டுத் தொகுத்துரைக்கிறோம்.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

ஸ்டியரிங்குக்குத் ‘திசைமாற்றி’ என்றும் ‘திருப்புவளையம்’ என்றும் தமிழ் ஆக்கங்கள் உள. பட்டறையில் அவற்றை யாரும் சொல்வதில்லை. ஆனால் கடல்வழி நமக்கு ஏற்கெனவே வந்துசேர்ந்த ஒரு சொல் உண்டு. மரக்கலத்தின் திசைதிருப்பும் கருவியைச் ‘சுக்கான்’ என்கிறோம். இது ‘ஸுக்கான்’ என்னும் அரபுச் சொல்லின் வழி வந்தது. கடலோடிகளான நம் முன்னோர் அரபு மாலுமிகளோடு பழகிய பழக்கத்தின் எச்சம் அது. சுவையான செய்தி யாதெனின், வளைகுடா நாடுகளில் இன்றும் மகிழுந்தின் ஸ்டியரிங்கை ‘ஸுக்கான்’ என்றே பேச்சுவழக்கில் சொல்கின்றனர். நம் மாணவர் சார்ஜாவில் நாள்தோறும் கேட்டு வந்த சொல்லும், நாகூர்த் துறையிலும் காயல்பட்டினத்திலும் தோணிக்காரர் வாயில் வழங்கிய சொல்லும் ஒன்றே. ஆதலின் இக்கட்டுரையில் சுக்கான் என்றே எழுதுகிறோம்.

மோட்டார் வண்டி தோன்றிய தொடக்கக் காலத்தில் அதற்கு வளையச் சுக்கான் இல்லை. தோணிக்கு உள்ளது போன்ற நெம்புகோல்தான் இருந்தது. 1894இல் பாரிசிலிருந்து ரூவான் நகர்க்கு நடந்த போட்டியில் ஆல்ஃபிரட் வாஷரோன் என்பவர் தம் பானார் வண்டியில் வளையச் சுக்கான் பொருத்தி ஓட்டினார். சில ஆண்டுகளில் நெம்புகோல் மறைந்து வளையம் நிலைபெற்றது. வளையத்துக்கு ஒரு வசதியுண்டு. கையை எங்கே வைத்தாலும் பிடி ஒன்றுபோலவே இருக்கும், சுற்றும் அளவுக்கும் எல்லையில்லை.

கையும் தோளும்

அந்த இளைஞர்க்கு வலி வந்தது ஏன்? இதை விளங்கிக்கொண்டால் எஞ்சியவை எளிதாகும்.

அவர் இருக்கையின் முதுகுச் சாய்வை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளி, கைகளை நேராக நீட்டி ஓட்டியிருக்கிறார். தொலைக்காட்சியில் பந்தய வீரர்கள் படுத்தாற்போல அமர்ந்திருப்பதைக் கண்டு பழகிய பழக்கம் அது. கை நீட்டி ஓட்டும் பாணிக்கு ஒரு வரலாறும் உண்டு. 1950இல் முதல் உலக வாகையர் பட்டம் வென்ற இத்தாலியர் ஜுசெப்பே ஃபாரினா, பின்சாய்ந்து கைகளை நீட்டி ஓட்டியதற்காகவே பெயர்பெற்றவர். பின்வந்த வீரர் பலர் அவரைப் பின்பற்றினர். ஆயின் அக்காலச் சுக்கான்கள் பெரியவை, பந்தயப் பாதைகளின் வளைவுகளோ நீண்டவை. கொண்டையூசி வளைவு அடுத்தடுத்து வரும் நம் மலைப்பாதையின் நிலை வேறு.

கையை முழுவதும் நீட்டியவர் சுக்கானைக் கால் சுற்றுத் திருப்பும்போதே மேலே செல்லும் கை எட்டாமற் போகிறது. எட்டவேண்டித் தோள் இருக்கையிலிருந்து எழும்புகிறது. தோள் எழும்பினால் உடலைத் தாங்க இருக்கை இல்லை. சுக்கானையே பற்றித் தொங்க நேர்கிறது. திருப்பவேண்டிய கை தாங்கும் கையாகிவிடுகிறது. மலைப்பாதையில் நூறு முறை இவ்வாறு நேர்ந்தால் கழுத்தும் தோளும் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? வலிகூட இரண்டாவது கேடுதான். தாங்கும் கைக்கு நுட்பமாகத் திருப்பும் ஆற்றல் குறைந்துவிடும் என்பதே முதற்கேடு. எதிரே திடீரெனப் பேருந்து வந்தால் ஓர் அங்குலம் திருப்பவேண்டிய இடத்தில் மூன்று அங்குலம் திரும்பிவிடும்.

இதற்கு நேர்மாறாகச் சுக்கானை நெஞ்சோடு அணைத்தவாறு அமர்வோரும் உளர். அவர்க்கு முழங்கை விலாவில் முட்டும், திருப்புதற்கு இடமிராது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் காண நம் மாணவர் கைக்கொள்ளும் முறை இது. முதலில் காலைப் பார்க்கவேண்டும். கிளட்சை அடிவரை மிதித்தபின்னும் முழங்கால் சற்று மடிந்தே இருக்கவேண்டும். அதற்கேற்ப இருக்கையை முன்பின் நகர்த்தியபின் முதுகுச் சாய்வை நிமிர்த்தவேண்டும். இரு தோள்களும் இருக்கையில் படிந்திருக்கும்போதே கையை நீட்டினால் மணிக்கட்டு சுக்கானின் மேல்விளிம்பில் அமரவேண்டும். அப்படியானால் வளையத்தின் இருபக்கமும் பிடிக்கையில் முழங்கை தானே போதிய அளவு மடிந்திருக்கும். விரல்நுனி மட்டும் எட்டுமாயின் தொலைவு மிகுதி. முன்கையே விளிம்பில் அமருமாயின் நெருக்கம் மிகுதி. இருக்கையைச் சரிசெய்யாமல் சுக்கானைத் தொடுவது, செருப்புக் கடிக்கிறதென்று காலைச் செதுக்குவது போன்றது என்பது அவர் பேச்சு.

இவ்வாறு அமர்ந்தும் பொருந்தாதவர் உண்டென்பதையும் சொல்லவேண்டும். கால் நீண்டு கை குறுகியவர்க்கு இருக்கையைக் காலுக்கேற்ப வைத்தால் சுக்கான் எட்டாது. கைக்கேற்ப வைத்தால் முழங்கால் சுக்கானில் இடிக்கும். அவர்க்குச் சுக்கானே நகரவேண்டும். அது நகரும் வகை இரண்டு. மேலும் கீழும் நகர்வதைச் ‘சாய்வு’ என்போம். ஓட்டுநரை நோக்கி நீண்டும் குறுகியும் வருவதை ‘நீட்டம்’ என்போம். பல வண்டிகளில் சாய்வு மட்டும் உண்டு, நீட்டம் இராது. மாஸ்டா நிறுவனத்தின் எம்.எக்ஸ்-5 என்னும் ஈரிருக்கை வண்டி 1989இல் வெளிவந்தது. அதன் முதல் தலைமுறையில் சுக்கான் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தது. உயரமானவர்கள் முழங்கால் இடிக்கிறதென்று குறைகூறிவந்தனர். அதன் நான்காம் தலைமுறையில்தான், 2019ஆம் ஆண்டு மாதிரியில், 30 மில்லிமீட்டர் நீட்ட வசதி அளிக்கப்பட்டது. முப்பது மில்லிமீட்டர் என்பது இரு விரற்கிடைகூட இல்லை. ஆயினும் அதற்காக ஒரு பெரிய நிறுவனம் தண்டின் அமைப்பையே திருத்தியதென்றால் கையின் நிலைக்கு அத்துணை மதிப்பு உண்டென்று பொருள்.

பெட்டியிலிருந்த பொருள்கள்

இனி அந்த இளைஞர் கொண்டுவந்த பெட்டிக்கு வருவோம்.

முதற்பொருள் சிறிய சுக்கான். வண்டியிலிருந்தது 38 சென்டிமீட்டர் விட்டமுடையது, பெட்டியிலிருந்தது 32. பார்வைக்கு அழகானதே, முழங்காலுக்கு இடமும் கிடைக்கும். ஆனால் நெம்புகோல் விதி ஒன்றுண்டு. சுழற்றும் திறன், விசையையும் ஆரத்தையும் பெருக்கிவரும் தொகை. ஆரம் குறைந்தால் அதே திறனுக்கு விசை கூடவேண்டும். 38ஐ 32ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1.19. அஃதாவது ஒவ்வொரு திருப்பத்துக்கும் கை நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு மிகுதியாக உழைக்கவேண்டும். வலி தீர வாங்கிய பொருள் வலியைக் கூட்டவே செய்யும். நம் பழைய பேருந்துகளில் ஏறத்தாழ அரை மீட்டர் அகலச் சுக்கான் இருந்ததும் இதனாலேயே. எந்திரத் துணை இல்லாத அந்நாளில் ஓட்டுநரின் தோள்வலிமையைப் பெருக்கித் தந்தது அவ்வகலந்தான்.

இரண்டாம் பொருள் 5 சென்டிமீட்டர் இடைக்கட்டை. தண்டின் முனைக்கும் சுக்கானுக்கும் நடுவே அதனைச் செருகினால் சுக்கான் அவ்வளவு முன்வரும். கேட்பதற்கு எளிய தீர்வாகத் தோன்றும். ஆனால் சுக்கான் மட்டுமே முன்வருகிறது. அதன் பின்னாலுள்ள சைகை விளக்குக் கைப்பிடி இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. விரல் எட்டாமையால் கையைச் சுக்கானிலிருந்து எடுக்க நேரும். சுக்கான் நீண்டு தொங்குவதால் தண்டின் தாங்கிகளில் வளைவுச் சுமையும் ஏறும். தண்டின் முனையில் நுண்ணிய பற்கள் வெட்டப்பட்டிருக்கும். இடைக்கட்டையின் பற்கள் அவற்றோடு முற்றும் பொருந்தாவிடில் ஒருநாள் வழுக்கும். சுக்கான் சுழலும், சக்கரம் திரும்பாது. எந்த வளைவில் அது நேரும் என்று யாரால் சொல்லமுடியும்?

எல்லாவற்றினும் பெரிய இழப்பு காற்றுப்பை. அந்த வண்டியின் சுக்கான் நடுவே காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. சிறிய சுக்கானில் அதற்கு இடமே இல்லை. மோதலின்போது ஒரு நொடியின் முப்பதில் ஒரு பங்குக்குள் விரிந்து நெஞ்சையும் தலையையும் காப்பது அது. இந்தியாவில் புதிய மகிழுந்துகளில் ஓட்டுநர்க்குரிய காற்றுப்பை 2019 சூலை முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. காற்றுப்பை உள்ள வண்டியில் நெருக்கமும் தீங்கே. அவ்வளவு விரைவில் விரிவதால் மிக அருகில் அமர்ந்தவரை அதுவே தாக்கிவிடும். நெஞ்செலும்புக்கும் சுக்கானின் நடுவுக்கும் 25 சென்டிமீட்டரேனும் இடைவெளி வேண்டும் என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையினர் கூறும் அளவு. குள்ளமானவர்கள், குறிப்பாக வண்டியோட்டும் நம் வீட்டுப் பெண்கள், இதனை ஓர் அடிக்கோல் கொண்டு அளந்து பார்த்துக்கொள்வது நன்று.

காற்றுப்பைக்கும் ஒலிப்பானுக்கும் மின்சாரம் கொண்டுசெல்ல, சுழலும் சுக்கானுக்குள் சுருள்நாடா ஒன்று இருக்கிறது. சுக்கானை மாற்றுவோர் பலர் அதனைக் கழற்றி எறிந்துவிடுகின்றனர். பிறகு ஒலிப்பானுக்கு எங்கோ ஒரு பொத்தான் வைக்கப்படும். ஜவ்வாது மலையின் மறைவளைவில் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்க நேரமேது?

பெட்டியில் இல்லாத மூன்றாவது வழி ஒன்றையும் அந்த இளைஞர் கேட்டாராம்: தண்டையே சற்றுக் கீழிறக்க முடியாதா என்று. தண்டைத் தாங்கும் பற்றுக்கட்டின் கீழ் வட்டத் தகடுகளை அடுக்கி இறக்குவோர் உளர். இதில் இருவகை இடர்கள் உள்ளன. அப்பற்றுக்கட்டு வெறும் இரும்பன்று. முன்மோதலில் சுக்கான் ஓட்டுநர் நெஞ்சைக் குத்தாதிருக்கும்பொருட்டுத் தண்டு குறுகி மடங்குமாறும், பற்றுக்கட்டு குறித்த விசையில் விட்டுக்கொடுக்குமாறும் அமைக்கப்பட்டிருக்கும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் இத்தகைய தண்டுகளை 1967ஆம் ஆண்டு மாதிரி வண்டிகளில் பரவலாகப் பொருத்தியது. தகடு அடுக்கி இறுக்கியபின் அது விட்டுக்கொடுக்குமா என்பதைப் பட்டறையில் சோதிக்க வழியில்லை.

மற்றோர் இடர் கணக்குச் சார்ந்தது. தண்டு நேராகச் செல்லாமல் வளைந்து செல்லும் இடங்களில் ‘யுனிவர்சல் ஜாயின்ட்’ எனப்படும் குறுக்கு மூட்டு இருக்கும். பதினேழாம் நூற்றாண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் ஆராய்ந்து விளக்கிய மூட்டு அது. அம்மூட்டின் இயல்பு, ஒருபக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் சீராகச் சுழலாமை. கோணம் 30 பாகையாயின் மறுபக்கத்தின் வேகம் ஒருகால் 0.87 மடங்காகவும் ஒருகால் 1.15 மடங்காகவும் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறியிறங்கும். இதனைச் சமன்செய்யவே இரு மூட்டுகளை ஒன்றன் குறையை ஒன்று தீர்க்குமாறு எதிரெதிராக அமைக்கின்றனர். தண்டின் கோணத்தை நாமாக மாற்றினால் அச்சமன்பாடு குலையும். வளைவில் சுக்கான் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தளர்ந்தும் வரும். ஓட்டுபவர் சாலையே தன்னோடு விளையாடுவதாக எண்ணுவார்.

பந்தயக் களத்தில் எவ்வாறு செய்கின்றனர்?

“பந்தயக்காரர்கள் மட்டும் மாற்றிக்கொள்கிறார்களே” என்று இளைஞர்கள் கேட்பது முறையான கேள்வியே. அதற்கு விடை நம் தமிழகத்திலேயே இருக்கிறது. சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்துவந்த மோட்டார்ப் பந்தயங்கள், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1990இல் தனிப் பந்தயப் பாதை அமைந்தபின் அங்கு இடம்பெயர்ந்தன. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி எந்திரத்தைக் கொண்டு ஒற்றையிருக்கைப் பந்தய வண்டிகளை 1980களின் பிற்பகுதியில் உள்நாட்டிலேயே உருவாக்கி, எளிய இளைஞரும் பந்தயத்தில் இறங்க வழிவகுத்தார். 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தது நாட்டுக்குப் பேரிழப்பு. கோவையிலுள்ள கரி பந்தயப் பாதை அவர் பெயரால் வழங்குவது. அதே கோவையைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரானார்.

ஒற்றையிருக்கைப் பந்தய வண்டியில் இருக்கை முன்பின் நகராது. ஒவ்வொரு வீரர்க்கும் தனித்தனியே அச்சு எடுக்கின்றனர். வண்டிக்குள் ஒரு பையை விரித்து, இருவகை நீர்மங்களைக் கலந்து ஊற்றி, வீரரை அதன்மேல் அமர்த்துவர். கலவை நுரைத்துப் பொங்கி அவர் முதுகின் வடிவிலேயே இறுகிவிடும். அதன்பின்னரே மிதிகளும் சுக்கானும் அவர் காலுக்கும் கைக்கும் ஏற்பப் பொருத்தப்படும். களத்திலும் முதலில் இருக்கை, பின்னர் சுக்கான் என்னும் வரிசை மாறுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. அங்கே சுக்கான் சிறிதாயிருப்பதற்குக் காரணம் இடநெருக்கடி. சுக்கானைக் கழற்றினாலன்றி வீரர் வெளிவரவே இயலாது. ஆதலால் சில நொடிகளில் கழற்றி வெளியேறிக் காட்டவேண்டும் என்று விதியுண்டு. காற்றுப்பை அங்கு இல்லைதான். அதற்கீடாகப் பல முனைகளில் உடலைப் பிணிக்கும் வார்களும், தலைக்கவசத்தோடு கழுத்தைப் பிணைக்கும் காப்பும், தீத்தாங்கும் உடையும் உள்ளன. அவற்றுள் ஒன்றும் இல்லாமல் சுக்கானை மட்டும் இரவல் வாங்குவது, போர்க்களத்திலிருந்து கேடயத்தை விட்டுவிட்டு இறகுக் கொண்டையை மட்டும் எடுத்து அணிவதை ஒக்கும்.

நெடும்பந்தயங்களில் ஒரே வண்டியை மூவரோ நால்வரோ மாறிமாறி ஓட்டுவர். நடிகர் அஜித்குமாரின் அணி 2025 சனவரியில் துபாயில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற செய்தியை மாணவர் பலர் அறிவர். அத்தகைய வண்டிகளில் உயரம் வேறுபட்ட வீரர்கள் ஏறியிறங்கும் சிறுபொழுதில் சரிசெய்துகொள்ளத்தக்க சுக்கான் தண்டுகளைத் தயாரிப்பாளரே அமைத்துத் தருகின்றனர். குள்ளமானவர் தம் முதுகுக்குப் பின் தமக்கென வார்த்த மெத்தையைச் செருகிக்கொள்வார்.

மாற்றியமைத்தல் என்னும் கலையின் உச்சத்தை நாம் கண்டது இத்தாலிய வீரர் அலெக்ஸ் சனார்டியின் வரலாற்றில். 2001 செப்டம்பரில் செருமனியில் நிகழ்ந்த பந்தய விபத்தில் அவர் இரு கால்களையும் இழந்தார். அவர்க்காகப் பி.எம்.டபிள்யூ வண்டியொன்றில் சுக்கானோடு ஒரு வளையம் சேர்த்து, விரலாலேயே எந்திர வேகத்தைக் கூட்டுமாறு செய்தனர். நான்காண்டுகளுக்குள், 2005இல், உலக அளவிலான மகிழுந்துப் பந்தயம் ஒன்றில் அவ்வண்டியை ஓட்டி அவர் வென்றார். அங்கு மனிதனின் குறைக்கேற்பச் சுக்கான் மாறியது. அதனைச் செய்தவர்களோ பொறியாளர்கள், சோதித்துச் சோதித்துச் செய்தார்கள்.

சட்டத்தின் நிலையையும் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் கேரள வழக்கொன்றில் இதனை உறுதிசெய்தது. அதே ஆண்டில் வந்த திருத்தத்தின்படி, இத்தகைய ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளர்க்கு 5,000 ரூபாய் தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். உடற்குறையுள்ளோர்க்கான மாற்றியமைப்புக்குச் சட்டம் தனியே வழிவிட்டிருக்கிறது. நம் ஊர்களில் அவ்வழியைப் பயன்படுத்துவோர் குறைவு. ஆசைக்காக மாற்றுவோரோ மிகுதி. பெருநாளுக்கு ஊர் திரும்பும் பிள்ளைகளுக்கு வண்டி வாங்கித்தரும் பெரியவர்கள், மாட்டப்பட்ட புதுச்சுக்கானின் நடுவே காற்றுப்பைக் குறி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தல் நலம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். நம் மாணவர் இளைஞரை இருக்கையில் அமர்த்தி, முதுகுச் சாய்வை இரு படி நிமிர்த்தினார். இருக்கையை ஒரு படி முன் நகர்த்தினார். சுக்கான் தண்டின் அடியில் சாய்வுக்குரிய கைப்பிடி ஒன்று அந்த வண்டியில் முன்பே இருந்தது. புழுதியேறி இறுகிப்போயிருந்ததால் இளைஞர் அதனை அறிந்திருக்கவில்லை. எண்ணெயிட்டுத் தளர்த்தி, சுக்கானை ஒரு படி தாழ்த்தியதும் மணிக்கட்டு மேல்விளிம்பில் அமர்ந்தது. செலவு எண்ணெய்க்கு மட்டுமே. “போளூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் தம்பி” என்று அனுப்பினார். முக்கால் மணி நேரத்தில் திரும்பி வந்த இளைஞர் கீழிறங்காமலே, பெட்டியைப் பின்புறம் வைக்கச் சொல்லிவிட்டுச் சென்னைக்குப் புறப்பட்டாராம்.

கேட்டபடி நாமும் எழுதிக் கொடுத்தோம். சென்ற மாதம் கலசப்பாக்கம் சென்றபோது அத்தாள் பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. நாம் விரும்பியெழுதிய ‘சுக்கான்’ என்னும் சொல் வரும் இடமெல்லாம் அதன்மேல் சிவப்பு மையால் ‘ஸ்டியரிங்’ என்று எழுதியிருந்தார். “வருகிறவர்கள் கேட்கிறார்கள், ஐயா” என்றார்.